ஐந்தாவது திரி

என் அன்பு மகன் செழியனுக்கு,

இங்கே நான் சுகம். குழாயும் சுகம், காலையில் ஐந்தரைக்கும் பின்னேரம் நாலு மணிக்கும் தண்ணீர் தவறாமல் வருகிறது. கையில் ஒரு கடிதம் கிடைத்ததும் நீ பயந்திருப்பாய். வாட்ஸ்அப்பில் இரண்டு வரி போட்டால் போதாதா, இந்த அம்மாவுக்கு என்ன வந்தது என்று கேட்பாய். போனில் கதைத்தால் மண்டபம், சாப்பாடு, போட்டோக்காரர் வரைக்கும் நமக்குள் நன்றாகத்தான் போகிறது. அதற்கு மேல் ஒரு பேச்சை எடுத்தால் உனக்கு உடனே டவர் இல்லாமல் போய்விடுகிறது. கொழும்பில், அதுவும் வெள்ளவத்தையில், டவர் இல்லை என்று சொல்லும் ஒரே ஆள் நீதான். போன ஞாயிறு நிரோஷா வந்திருந்தாள். அவளிடம் இதைச் சொல்லிக் குறைப்பட்டேன். "போனிலை கதைச்சா ரெண்டு பேரும் சண்டைதான் பிடிக்கிறியள் மாமி. எழுதுங்கோ. எழுதினா அவர் கடைசி மட்டும் வாசிச்சுத்தானே ஆகவேணும்," என்றாள். உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவளுக்கு உன்னை இவ்வளவு தெரிந்திருப்பதில் எனக்கு நல்ல சந்தோசம். அவள் போனதும் மேசையில் உட்கார்ந்துவிட்டேன்.

கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம். அழைப்பிதழ் கொடுக்க வேண்டியவர்களின் பட்டியலை நான் எழுதி அனுப்பினேன். நீ அதில் ஒரேயொரு பெயரைச் சிவப்பு மையால் வெட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறாய்: தெய்வநாயகம் முதலாளி. நம் வட்டாரத்துப் பிரதேச சபை உறுப்பினர், டவுனில் ஹாட்வெயார் கடை வைத்திருப்பவர், கோயில் தர்மகர்த்தா, வெள்ளிக்கிழமைகளில் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாதவர். அவருக்கு நான் வாக்குப் போட்டதும் போதாமல் வீடு வீடாகப் போய் வாக்குக் கேட்டதும் உனக்குக் கோபம். அதற்குப் பிறகு நடந்த ஒன்றில் உனக்கு அதைவிடப் பெரிய கோபம். பெயர் போனால் போகட்டும் மகன், அது உன் கல்யாணம். ஆனால் அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்தபோது, நீ வெட்டியது அவரை மட்டுமில்லை என்று எனக்குப் பட்டது. சின்ன வயதிலிருந்து எதையும் என்னிடம் கேட்டுவிட்டுத்தான் ஒரு முடிவுக்கு வருவாய். மூன்று மாதமாக நீ என்னிடம் எதையும் கேட்பதில்லை. எனக்கு அது திரும்ப வேண்டும். அதற்குத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

முதலில் ஒரு பழைய பிழையைச் சொல்கிறேன். உனக்கு அப்போது நாலு வயதிருக்கும். சாமி கும்பிடாத வீடு என்று தேயிலைத் தோட்டத்தில் நம் வீட்டுக்குப் பெயர். உன் அப்பா அதைப் பட்டம் வாங்கியது போலச் சொல்லிக்கொள்வார். அந்தக் காலத்தில் நம்மைப் போலவே நம்பிக்கையில்லாத ஒருவர் தேர்தலுக்கு நின்றார். பெயர் வேண்டாம், இப்போது அவர் கனடாவில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். என்ன பேச்சு தெரியுமா அவருக்கு. பெண்களின் அடிமைத்தனத்தைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசுவார், நான் கீழே உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொள்வேன். பேசி முடித்துவிட்டு நம் வீட்டுக்கு வந்து உட்காருவார். நான் எழுந்து போய் அவருக்குக் கோழிக் குழம்பு வைப்பேன். உன் அப்பா பசை வாளியைத் தூக்கிக்கொண்டு மடவளைச் சந்தி வரைக்கும் அவருடைய போஸ்டர் ஒட்டினார். அவர் வென்றார். ஒரு மாதம் கழித்து, லயத்து வரிசை வீட்டுப் பெண்களின் கையெழுத்தோடு தண்ணீருக்கு ஒரு மனு எழுதிக்கொண்டு போனேன். அவர் அதை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "தோழர், தண்ணி சின்னப் பிரச்சின. மொதல்ல மனுசன் மனசு மாறணும்," என்றார். மனசு மாறும் வரைக்கும் எங்கே குளிப்பது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அடுத்த தேர்தலிலும் அவருக்கே போட்டோம். "அவர் நம்ம ஆளு," என்று உன் அப்பா சொல்வார், நானும் தலையாட்டுவேன். கோயிலில் கும்பிடுகிறவர்களைக் கேலி செய்துகொண்டு, வரவேற்பறையில் அவருடைய படத்தை மாட்டி வைத்திருந்தோம். சாம்பிராணி போடாதது ஒன்றுதான் குறை.

தண்ணீர்க் கதை உனக்குத் தெரியும் என்றாலும், நீ ஆண்பிள்ளை, பாதிதான் தெரிந்திருக்கும். பீலியில் மலைத் தண்ணீர் விழும் இடம் பஸ் ரோட்டோரம். பெண்கள் அங்கேதான் குளிக்க வேண்டும். விடிவதற்குள் போனால் குளிர், விடிந்த பிறகு போனால் திகன பக்கம் போகும் பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்க்கும் தலைகள். பல்லேகல மைதானத்தில் மேட்ச் இருக்கும் நாட்களில் வாகனம் நிற்காமல் ஓடும், அன்றைக்குக் குளியலே கிடையாது. என் வகுப்பில் பெண்பிள்ளைகள் முதல் பாடத்துக்கு வந்ததே இல்லை. குடத்தை வைத்துவிட்டு ஓடி வருவார்கள், சட்டை முதுகில் நனைந்திருக்கும். நான் ஓய்வு பெறும் வரைக்கும் மனு எழுதினேன். கையெழுத்துப் போட்ட பிள்ளைகள் தாயாகி, அவர்களுடைய பிள்ளைகள் கையெழுத்துப் போடும் வரைக்கும் எழுதினேன்.

தெய்வநாயகம் முதலாளி கடைக்கு ஒருநாள் குழாய் வாஷர் வாங்கப் போனேன். உன் அப்பா தவறி அப்போது ஒரு வருசம். பேச்சுவாக்கில் பீலியைப் பற்றிச் சொன்னேன். மனிதர் வாஷரைப் பொதிந்து தந்தார். மறுநாள் விடியற்காலையில் நெற்றி நிறையத் திருநீறோடு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பீலிக்குச் சற்றுத் தூரத்தில் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். பெண்கள் குளிக்கும் இடத்தைப் பார்க்கக் கூடாதாம். ஆனால் எத்தனை பேர் வருகிறார்கள் என்று தெரிய வேண்டுமாம். குடம் வைக்கும் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தார். நான் போனதும் பொரிந்து தள்ளினார். "இதென்ன டீச்சர் அநியாயம். பொம்பளப் புள்ளைங்க நடு ரோட்டுல குளிக்கிறதா? மானம் மருவாத இல்லையா? மகாலட்சுமி எப்படிங்க இந்த ஊர்ல தங்குவா?" எனக்கு உள்ளுக்குள் எரிச்சல். மகாலட்சுமிக்கு நம் லயத்தில் அறையே ஒதுக்கவில்லை, தங்குவதாவது. ஆனால் அடுத்த வாரம் அவர் அளக்கும் டேப்போடு வந்துவிட்டார். மேட்டிலிருந்து கீழ் லயம் வரைக்கும் தானே நடந்து அளந்து, எத்தனை குழாய், எத்தனை எல்போ, எத்தனை சாக்கெட் என்று சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில் எழுதினார். சிகரெட் குடிக்காத மனிதருக்கு அட்டை எங்கிருந்து கிடைத்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. "நான் எலக்சன் கேக்குறேன் டீச்சர். ஜெயிச்சா மொத வேல இதுதான்," என்றார். மனு கொடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து ஒருவர் அந்தப் பாதையை நடந்து பார்த்தது அதுதான் முதல் தடவை.

நான் அவருக்கு வாக்குக் கேட்கப் போகிறேன் என்றதும் நீ கொழும்பிலிருந்து வந்து நின்றாய். உன் கேள்வியை நான் மறக்கவில்லை. "அம்மா, அவரு பொம்பளைங்களுக்காக குழாய் போடல. பொம்பளைங்க கண்ணுல படக் கூடாதுன்னு போடுறாரு. இன்னிக்கு சுவரு கட்டுவாரு, நாளைக்கு அந்தச் சுவருக்கு வெளிய வராதேம்பாரு. அப்ப என்ன செய்வீங்க?" நல்ல கேள்வி மகன். வகுப்பில் கேட்டிருந்தால் எழுந்து நின்று கேட்டதற்கே மதிப்பெண் போட்டிருப்பேன். நான் சொன்ன பதிலும் உனக்கு ஞாபகம் இருக்கும். "அப்படி ஏதாவது செஞ்சா, மொத ஆளா நான்தான் போய் அவரு கடையில நிப்பேன். இது சத்தியம்." சாமியில்லாத வீட்டில் எதன்மேல் சத்தியம் என்று கேட்டாய். உன் மேல் என்றேன். நீ சிரித்துவிட்டுப் போனாய், வாக்கை மட்டும் வேறு ஆளுக்குப் போட்டாய். வாக்குப் போட்ட அன்றைக்கு இரண்டு பேரும் சுண்டு விரல் மையோடு ஒரே மேசையில் இருந்து பராட்டா சாப்பிட்டோம். அந்த நாள் எனக்குப் பிடித்த நாட்களில் ஒன்று.

சத்தியத்தை முதல் தடவை நான் காப்பாற்றினேன், அதை நீ மறுக்க முடியாது. அவர் வென்று ஆறு மாதத்தில் சனசமூக நிலையத்துக்கு அவருடைய கட்டளை ஒன்று வந்தது: மாலைநேரக் கம்ப்யூட்டர் வகுப்பிலிருந்து பெண்பிள்ளைகள் ஆறு மணிக்கு எழுந்து வீட்டுக்குப் போய்விட வேண்டும். வகுப்பு தொடங்குவதே ஐந்தரைக்கு. நான் பதினொரு தாய்மாரைக் கூட்டிக்கொண்டு குட்ஷெட் நிலையத்துக்குப் போகும் பஸ்ஸில் ஏறி டவுனுக்குப் போனேன். கடைக்குள் எல்லோரும் வரிசையாக நின்றோம். யாரும் சத்தம் போடவில்லை. ஒருத்தி ஆணியின் விலையைக் கேட்டாள், இன்னொருத்தி பெயின்ட் டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், ஒன்றும் வாங்கவில்லை. வாங்க வந்தவர்கள் உள்ளே நுழைய இடமில்லாமல் எதிர்க் கடைக்குப் போனார்கள். முக்கால் மணி நேரம் அவரும் தாங்கினார். பிறகு, "டீச்சர், ஆறு மணிக்கு வெளக்கு வைக்கிற நேரமுங்க. பொம்பளப் புள்ள வெளிய நிக்கலாமா?" என்றார். "அப்ப வகுப்ப மூணு மணிக்கு வைங்க முதலாளி. வெளக்கும் வைக்கலாம், கம்ப்யூட்டரும் படிக்கலாம்," என்றேன். அவருக்கு அது தோன்றவே இல்லை. அடுத்த திங்கட்கிழமை மூன்று மணிக்கு வகுப்பு தொடங்கியது. பையன்கள் விளையாட முடியவில்லை என்று என்னைத் திட்டினார்கள். போனில் உன்னிடம் இதைச் சொன்னபோது நீ சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

அதனால்தான் மூன்று மாதத்துக்கு முன்னால் நடந்தது உன்னை அப்படி அடித்திருக்கிறது. கீழ் லயத்துக்குத் தண்ணீர் திறந்த நாள். நீ விடுமுறை போட்டுவிட்டு வந்திருந்தாய். குளிக்கும் இடத்துக்குச் சுவர், கூரை, நாலு குழாய், லயத்துக்கு லயம் ஒரு குழாய். நான் பச்சைப் பட்டுச் சேலை கட்டிப் பெரிதாகப் பொட்டு வைத்திருந்தேன். உன் அப்பா போன பிறகும் நான் இரண்டையும் விடவில்லை, அதுவும் ஊருக்குத் தெரியும். நம் ஊரில் எந்த விழாவானாலும் குத்துவிளக்கில்லாமல் தொடங்காது. ஐந்து திரி, ஐந்து பேர். அச்சடித்த நிகழ்ச்சி நிரலில் ஐந்தாவதாக என் பெயர். குருக்கள் ஏற்றினார், முதலாளி ஏற்றினார், தோட்டத்தை நடத்தும் துரை ஏற்றினார், கிராம சேவகர் ஏற்றினார். நான் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, ஈர மண்ணில் வெறுங்காலோடு முன்னால் வந்து நின்றேன். முதலாளி அறிவிப்பாளரின் காதில் ஏதோ சொன்னார். ஒலிபெருக்கியில் துரையின் மனைவியின் பெயர் வந்தது. அந்த அம்மா என்னைப் பார்த்தார், திரியைப் பார்த்தார், தயங்கித் தயங்கி ஏற்றினார். நான் திரும்பி வந்து செருப்பைப் போட்டுக்கொண்டேன். கைம்பெண் மங்கள விளக்கு ஏற்றக் கூடாது, அவ்வளவுதான் விசயம். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, எல்லோருக்கும் விளங்கியது.

நீ என் பக்கத்தில் வந்து, "வாங்கம்மா, போவோம்," என்றாய். உன் தாடை நடுங்கியது. நான், "விடு மகன். தண்ணி வந்துருச்சுல்ல," என்றேன். நீ என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தனியாக இறங்கிப் போய் பஸ் ஏறினாய். அந்தப் பார்வைக்குத்தான் இந்தக் கடிதம். உண்மையைச் சொல்கிறேன், கேள். எனக்கு விளக்கின் மேல் ஆசையில்லை. எண்ணெய், பஞ்சு, நெருப்பு. அதில் வேறொன்றும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஆனால் நான் ஏற்றக் கூடாது என்று ஒருவர் சொன்னால் அது வேறு விசயம், அது உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். அப்படியிருந்தும் நான் வாயைத் திறக்காததற்குப் பெருந்தன்மை காரணமில்லை. மேல் லயத்துக்கு இன்னும் குழாய் போடவில்லை. இவரை முறைத்துக்கொண்டால் வேலை நின்றுவிடுமோ என்று பயந்தேன். பிள்ளைகளுக்காக ஊரைக் கூட்டிக்கொண்டு போகத் தெரிந்தவளுக்குத் தனக்காகப் போகத் தெரியவில்லை. உன் மேல் செய்த சத்தியத்தை அந்த இடத்தில் உடைத்தேன். நீ கோபப்பட்டது சரி. அதை முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு மூன்று மாதம் ஆனதற்கு மன்னித்துக்கொள்.

இனி உனக்குத் தெரியாத பகுதி. நீ சிவப்பு மையால் வெட்டிய பட்டியல் வந்த அன்றைக்கே கடைக்குப் போனேன், இந்த முறை தனியாக. மனிதர் யாருக்கோ ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கதிரையை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. "முதலாளி, உங்க சம்சாரம் தவறி எத்தன வருசம்?" என்று கேட்டேன். "வர்ற தைக்கு ஆறு டீச்சர். ஏங்க?" என்றார். "அன்னிக்கு ரெண்டாவது திரி ஏத்துனது யாரு?" மனிதர் தராசில் ஆணியைப் போட்டுக்கொண்டே இருந்தார். வாங்க வந்தவர், "முதலாளி, நான் அரைக் கிலோதான் கேட்டேன்," என்றார். ஆணியைத் திரும்ப அள்ளிவிட்டு, "ஆம்பள வேற டீச்சர்," என்றார், ரொம்ப மெதுவாக. "அத சாமி சொல்லுச்சா, நீங்க சொல்றீங்களா?" என்றேன். "பெரியவங்க சொன்னது." "அந்தப் பெரியவங்க யாருக்காச்சும் நான் வாக்கு கேட்டேனா? உங்களுக்குத்தான் கேட்டேன். நூத்திமுப்பது வீட்டுப் படி ஏறுனேன் முதலாளி. அப்ப நான் அமங்கலமா தெரியல." அவர் முகம் சிவந்தது. கோபமா வெட்கமா என்று தெரியவில்லை. "யோசிச்சுச் சொல்றேன்," என்றார். "யோசிங்க. வர்ற எலக்சனுக்கு நானும் யோசிக்கிறேன்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். வாவி ரோட்டில் நடக்கும்போது எனக்கு வயது இருபது குறைந்தது போல இருந்தது. வழியில் ஒரு ஐஸ்கிறீம் வாங்கிச் சாப்பிட்டேன், எனக்கிருக்கும் சீனி வருத்தத்தையும் டாக்டர் சொன்னதையும் மறந்துவிட்டு. அதற்கு நீ திட்டலாம்.

இரண்டு வாரம் சத்தமில்லை. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை நம் வீட்டுக்கே வந்தார். தேத்தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்க முடியாது, விரதம். கதிரையின் நுனியில் உட்கார்ந்து, "டீச்சர், குருக்கள்கிட்ட கேட்டேன், அண்ணன்கிட்ட கேட்டேன். என்னால மனசு மாத்திக்க முடியலைங்க," என்றார். சரி, இவ்வளவுதான் என்று நினைத்தேன். "ஆனா நீங்க கேட்டது நியாயம். அதனால ஒரு முடிவு எடுத்திருக்கேன். இனிமே நானும் ஏத்த மாட்டேன்." எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிரிப்பு வந்துவிட்டது மகன், கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தேன். என்னைத் தனக்குச் சமமாக ஒரு படி ஏற்றிவிடுவார் என்று பார்த்தால், மனிதர் தானும் ஒரு படி கீழே இறங்கி வந்து நிற்கிறார். அவர் பாவம், எதற்குச் சிரிக்கிறேன் என்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தார். ஆனால் சிரிப்பு அடங்கியதும் ஒன்று நினைத்தேன். நம்முடைய பழைய தோழர், பெண் விடுதலையை இரண்டு மணி நேரம் பேசியவர், எனக்காக எதையாவது விட்டுக் கொடுத்ததுண்டா? கோழிக் குழம்பில் ஒரு துண்டைக்கூட விட்டுக் கொடுத்ததில்லை.

போன வியாழக்கிழமை மேல் லயத்துக்குத் தண்ணீர் திறந்தார்கள். உன்னிடம் சொல்லவில்லை, நீ டவர் இல்லாத இடத்தில் இருந்தாய். அதே குத்துவிளக்கு, அதே ஐந்து திரி. குருக்கள், துரை, துரையின் மனைவி, கிராம சேவகர் என்று நாலு பேர் ஏற்றினார்கள். முதலாளி சொன்னது போலவே ஏற்றாமல் கீழே இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றார். அவருடைய இடத்துக்கு வேறு ஆளைப் போட யாருக்கும் ஞாபகம் வரவில்லை. ஐந்தாவது திரி ஏற்றாமலேயே இருந்தது. அறிவிப்பாளர் அடுத்த நிகழ்ச்சிக்குப் போய்விட்டார், ஒரு பிள்ளை வரவேற்பு நடனம் ஆடத் தொடங்கிவிட்டாள். எனக்கு அது ஒன்றும் செய்யவில்லை. ஆனால் முதலாளிக்கு நிற்க முடியவில்லை. கோயிலில் வளர்ந்த மனிதர், எண்ணெயில் நனைந்த திரி ஒன்று சும்மா கிடப்பதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? வேட்டியைச் சரி செய்தார். தொண்டையைச் செருமினார். விளக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் மலையைப் பார்த்தேன். கடைசியில், "டீச்சர், தயவுசெஞ்சு வாங்க," என்று மேலே ஏறி, மெழுகுதிரியை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டார். "ஏத்துங்க. திரி அப்படி இருக்கக் கூடாது." நான் செருப்பைக் கழற்றினேன். மலைக்காற்று வேறு, முதல் தடவை அணைந்து போனது. இரண்டாம் தடவை அவர் குனிந்து இரண்டு கையையும் குவித்து, பற்றிக்கொள்ளும் வரைக்கும் காற்றை மறைத்துக்கொண்டு நின்றார். நடனம் ஆடிய பிள்ளை ஆடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். பின்வரிசையில் யாரோ கை தட்டினார்கள், பிறகு லயத்துப் பெண்கள் எல்லோரும் தட்டினார்கள். அவர்களில் எத்தனை கைம்பெண்கள் என்று எனக்குத்தானே தெரியும். வீட்டுக்கு வந்து அழுதேன். அது சந்தோசத்தில் வந்த அழுகை, நீ பயப்படாதே.

அவர் மனசு மாறிவிட்டாரா என்று கேட்காதே. மாறவில்லை என்றுதான் நினைக்கிறேன். நாளைக்கே வேறொரு கைம்பெண்ணை அவர் விளக்கடியிலிருந்து விலக்கக்கூடும். அப்போது நான் திரும்பவும் குட்ஷெட் பஸ் ஏறுவேன். அடுத்த தேர்தல் வருகிறது, அவர் நிற்கிறார். சாமி இல்லை என்கிற நீயும் நானும் அவருக்குப் போடலாமா என்றால், நான் போடுவேன். இது குழாய் போடுகிற, ரோடு போடுகிற, தெரு விளக்குப் போடுகிற கதிரை. அந்தக் கதிரையில் உட்காருகிறவருடைய திருநீறு எனக்கு இடைஞ்சல் இல்லை. அவர் பாதையை நடந்து பார்க்கிறாரா, போய்க் கேட்டால் முகம் கொடுக்கிறாரா என்பதுதான் எனக்கு வேண்டும். நாளைக்கு அவரே பாராளுமன்றத்துக்கு நின்றால் நான் இப்படிச் சொல்ல மாட்டேன். யாரைக் கட்டலாம், எதை உடுக்கலாம் என்று சட்டம் எழுதுகிற இடத்துக்கு அவரை அனுப்புவதற்கு முன்னால் நிறையக் கேட்பேன், அநேகமாக அனுப்ப மாட்டேன். நம்மைப் போல நினைக்கிறவர் என்பதற்காக ஒருவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு போட்டதில் லயத்துப் பெண்கள் ரோட்டோரம் குளித்தார்கள். நம்மைப் போல நினைக்காதவருக்குக் கண்ணைத் திறந்துகொண்டு போட்டேன். வாயை மூடிக்கொண்டதுதான் நான் விட்ட பிழை. அவரிடம் போய் நிற்க எனக்கு அந்த வாக்கு ஒரு உரிமை கொடுத்தது. நூற்றிமுப்பது வீட்டுப் படி ஏறியவள் கேட்டதால்தான் மனிதர் ஆணியைக் கூட நிறுக்க முடியாமல் தடுமாறினார். நீ வேறு ஆளுக்குப் போட்டால் எனக்கு வருத்தமில்லை. உன் கேள்வி இல்லாவிட்டால் எனக்கு அந்தச் சத்தியமும் இருந்திருக்காது. எதிராக வாக்குப் போட்டுவிட்டு எனக்காகத் தாடை நடுங்க நின்ற பிள்ளையை நான் எப்படிக் குறை சொல்வேன்.

இப்போது கல்யாணம். நீயும் நிரோஷாவும் பதிவாளருக்கு முன்னால் கையெழுத்துப் போட்டு, மாலை மாற்றி, நல்ல சாப்பாடு போடுவது என்று முடிவெடுத்திருக்கிறீர்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்திருக்கிறது. நல்ல நேரம் பார்க்கவில்லை என்று முதலாளி கேள்விப்பட்டால் நிச்சயம் கவலைப்படுவார், அது அவருடைய பாடு. மண்டபத்துக்காரர் நேற்றுப் பேசினார். அவர்களுடைய வாடகையோடு ஒரு குத்துவிளக்கும் சேர்ந்து வருமாம், வேண்டாமென்றாலும் காசு குறையாதாம். நிரோஷாவின் அம்மாவும் அப்பாவும் கொண்டுவந்து வைக்க ஆசைப்படுகிறார்கள், இருக்கட்டும். யார் ஏற்றுவது என்று மண்டபத்துக்காரர் கேட்டார். பெண்ணின் தாய், தகப்பன், நிரோஷா, நீ என்று நாலு பெயர் கொடுத்தேன். ஐந்தாவது யார் என்று கேட்டார். மாப்பிள்ளையின் அம்மா என்றேன். மாப்பிள்ளையின் அம்மாவா என்று இன்னொரு தடவை கேட்டுவிட்டு எழுதிக்கொண்டார்.

இதோடு ஒரு அழைப்பிதழ் வைத்திருக்கிறேன். உறையின் மேல் பெயர் எழுதவில்லை. தெய்வநாயகம் முதலாளியின் பெயரை நீ உன் கையால் எழுதி அனுப்பினால் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். எழுதாவிட்டால் வெறும் உறையாகவே திருப்பி அனுப்பு, நான் ஒன்றும் நினைக்க மாட்டேன். ஆனால் எழுதுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பதற்கு முன்னால் என்னை ஒருமுறை போனில் கூப்பிடு. முன்பு போல, "அம்மா, நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேள். நான் சொல்வதைக் கேட்டுவிட்டு நீ நினைத்ததையே செய்.

மண்டபம் மலைச்சரிவில் இருக்கிறது, எந்தப் பக்கம் கதவைத் திறந்தாலும் காற்று. நான் விளக்கடியில் செருப்பைக் கழற்றும்போது நீ பக்கத்தில் நிற்க வேண்டும். கையைக் குவித்துக்கொள்.

அந்தக் கைக்காகக் காத்திருக்கும்
உன் அம்மா